கையில் எண்ணெய் படியட்டும்!

மாட்டு வண்டி ஓட்டிய பழைய உழவன் பொறியியல் கற்றவன் அல்லன். ஆயினும் தன் வண்டியை அவன் முற்ற அறிந்திருந்தான். வைக்கோலைக் கருக்கி ஆமணக்கெண்ணெயில் குழைத்த மையைக் குழாயில் அடைத்து வண்டியின் அடியில் தொங்கவிட்டிருப்பான். நெடுவழி புறப்படுமுன் கடையாணியைக் கழற்றி, உருளியை வெளியே இழுத்து, அச்சுக்கு மையிட்டு மீண்டும் பூட்டுவான். உருளியின் ஒலி சற்றே மாறினாலும் அவன் செவி அதனைக் கண்டுகொள்ளும். ஆனால் உருளியின் இருப்புப் பட்டை தேய்ந்துவிட்டால் அவன் கொல்லனிடம்தான் சென்றான். பட்டையைத் தழல் நிறம் ஏறும்வரை காய்ச்சி, மர உருளியின்மேல் ஏற்றி, நீரூற்றி இறுக்குவது கொல்லன் வேலை. மையிடுவது வண்டிக்காரன் வேலை. இந்த எல்லை இருவருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தது.

இன்று மாட்டின் இடத்தில் தீசல் பொறி வந்துள்ளது. வண்டியின் இடத்தில், மக்கள் 'வேன்' என வழங்கும் மூடுந்து வந்துள்ளது. பள்ளிப் பிள்ளைகளையும், திருமண வீட்டாரையும், காய்கறி மூட்டைகளையும் சுமந்து அது ஊரூராக ஓடுகின்றது. தவணையில் வாங்கிய ஒரே ஒரு மூடுந்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல. ஆனால் அதனை ஓட்டுவோருள் பலர் அதன் முன்மூடியைத் திறந்து பார்ப்பதே இல்லை. ஓட்டுவது தம் வேலை, பேணுவது பட்டறைக்காரர் வேலை என்று இருந்துவிடுகின்றனர். கையில் எண்ணெய் படிவதை இழிவாகக் கருதுவோரும் உளர். பழைய வண்டிக்காரனின் அறிவு இவ்வாறு அறுந்துபோனது பெரும் இழப்பாகும்.

அவ் இழப்பின் அளவை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் மூடுந்து ஒன்று வழியில் எரிநெய் தீர்ந்து நின்றுவிடுகின்றது. ஓட்டுநர் எங்கிருந்தோ தீசல் வாங்கிவந்து ஊற்றுகின்றார். பொறி உயிர்பெறவில்லை. மீண்டும் மீண்டும் முடுக்கி மின்கலமும் ஓய்ந்துபோகின்றது. இரண்டு மணி கழித்துக் கம்மியர் ஒருவர் வருகின்றார். வடிகட்டியின் தலையில் உள்ள சிறு கையெக்கியைப் பத்துப் பதினைந்து முறை அழுத்துகின்றார், ஒரு திருகை நெகிழ்த்திக் குமிழிகளை வெளியேற்றுகின்றார், திருகை இறுக்குகின்றார். வேறொரு மின்கலத்தின் துணையோடு பொறி ஓடத் தொடங்குகின்றது. அதற்கு ஓட்டுநரின் ஒருநாள் வருவாய் போய்விடுகின்றது. கம்மியர்மேல் குற்றமில்லை. அவர் கற்ற தொழிலுக்கு அவர் கூலி பெற்றார். ஓட்டுநரோ தம் அறியாமைக்கு வரி செலுத்தினார்.

தீசல் பொறியின் இயல்பு

இப்பொறியைப் பேண வேண்டுமாயின் முதலில் அதன் இயல்பை அறிதல் வேண்டும். உருடோல்பு தீசல் என்னும் செருமானியப் பொறியாளர் 1893ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். செருமனியின் ஆகுசுபர்க்கு நகரத்தில் நான்கு ஆண்டுகள் அரும்பாடுபட்டு, 1897ஆம் ஆண்டில் நன்கு இயங்கும் பொறியை உருவாக்கிக் காட்டினார். கன்னெய் எனப்படும் பெட்ரோல் பொறியில் மின்பொறி தெறித்து எரிநெய் பற்றும். தீசல் பொறியில் அதற்கு வேலையில்லை. உருளைக்குள் புகுந்த காற்று பதினாறு முதல் இருபத்திரண்டு மடங்குவரை நெருக்கப்படுகின்றது. அந்நெருக்கத்தில் காற்றின் வெப்பம் 500 பாகை செல்சியசுக்கும் மேல் ஏறுகின்றது. அவ்வெங்காற்றில் எரிநெய் மென்றூவலாகப் பீச்சப்பட்டவுடன் தானே பற்றி எரிகின்றது.

இவ்வியல்பிலிருந்தே இதன் பேணுதல் முறை முழுவதும் பிறக்கின்றது. எரிநெய்யைப் பீச்சும் எக்கியின் உட்பகுதிகளுக்கு இடையில் உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அவற்றுள் சில கூறுகளே. தலைமயிரின் பருமன் அதனைப்போலப் பன்மடங்கு. அவ் இடைவெளியில் மணல் துகள் ஒன்று புகுந்தாலும் போதும், எக்கி கீறல் விழுந்து கெடும். அந்த எக்கிக்கு உயவாக அமைவதும் எரிநெய்யே ஆதலால், எரிநெய்யில் நீர் கலந்தால் உயவு குன்றித் துரு ஏறும். ஆகவே அழுக்கும், நீரும், மிகுவெப்பமும் இப்பொறியின் முப்பெரும் பகைகள். இம்மூன்றையும் வாயிலிலேயே தடுக்கும் வேலைக்குப் பெரிய பட்டறையோ விலையுயர்ந்த கருவியோ வேண்டுவதில்லை. ஓட்டுநரின் கண்ணும் கையும் போதும்.

நாளும் செய்யத்தக்கவை

உடலுக்கு உணவும் மூச்சும் குருதியும் நீரும்போலப் பொறிக்கு எரிநெய்யும் காற்றும் உயவு நெய்யும் குளிர்நீரும் அமைகின்றன. இந்நான்கையும் பேணுதல் உரிமையாளரின் பணி.

முதலாவது எரிநெய். தீசல் வடிகட்டியின் அடியில் நீர் தங்கும் கிண்ணமும் அதனைத் திறக்கும் திருகும் பல ஊர்திகளில் உண்டு. நீர் தீசலினும் எடைமிக்கதாதலால் அடியில் தேங்கும். கையேடு குறிக்கும் இடைவெளியில் திருகை நெகிழ்த்தி, ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பார்த்தால், அடியில் நீரும் மேலே தீசலும் பிரிந்து நிற்பது தெரியும். தெளிந்த தீசல் வரும்வரை விட்டுத் திருகை மூடவேண்டும். வடிகட்டியை மாற்றுங்கால் சுற்றிலும் உள்ள புழுதியை முதலில் துடைத்தல் வேண்டும். புதியதன் தொய்வக வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையால் இறுக்குதல் வேண்டும். கருவி கொண்டு முறுக்கினால் வளையம் நசுங்கி ஒழுகும். அதன் பிறகு, மேலே கூறியவாறு கையெக்கியை அழுத்தி, பட்டறைகளில் 'ஏர் லாக்' எனப்படும் காற்றடைப்பை நீக்குதல் வேண்டும். குமிழியற்ற எரிநெய் பெருகும்போதே திருகை மூடிவிட வேண்டும் என்பதே இதன் நுட்பம்.

இரண்டாவது காற்று. காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டால் பொறி மூச்சுமுட்டும், ஆற்றல் குன்றும், கரும்புகை கக்கும், எரிநெய் வீணாகும். தாள் வடிகட்டியை நீரில் கழுவுதல் கூடாது. ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்து, ஊசித்துளை அளவு கிழிந்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அத்துளை வழியே நுழையும் மண், உருளையின் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். சில நூறு உருபா விலையுள்ள தாளை மாற்ற மனமின்றிப் பெருந்தொகை செலவிட்டுப் பொறியையே பிரிக்க நேர்ந்தோர் பட்டறைதோறும் உளர்.

மூன்றாவது, 'ஆயில்' எனப்படும் உயவு நெய். ஊர்தியைச் சமநிலத்தில் நிறுத்தி, பொறியை அணைத்துச் சில மணித்துளிகள் கழித்து அளவுகோலை உருவித் துடைத்து மீண்டும் செருகிப் பார்த்தல் வேண்டும். நெய்யின் மட்டம் இரு குறிகளுக்கு இடையில் நிற்பதே முறை. தீசல் பொறியின் உயவு நெய் மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் தாங்குவது அதன் வேலையாதலால் கருமை கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால் அது பால்போல் வெளுத்திருந்தால் குளிர்நீர் கலந்துள்ளது என்று பொருள். மட்டம் குறைந்தால் மட்டும் கவலைப்படுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஊற்றாமலே மட்டம் உயர்ந்தால் அது இன்னும் கொடிது. எரிநெய்யோ நீரோ உள்ளே இறங்கி உயவைக் கெடுக்கின்றது என்பதே அதன் பொருள். அந்நிலையில் ஊர்தியை ஓட்டாமல் உடனே கம்மியரை அழைத்தல் வேண்டும்.

நான்காவது குளிர்நீர். 'கூலண்டு' என்னும் கலவை பனிநாட்டுக்கே உரியது, வெயில் நாட்டுக்கு வேண்டா என்னும் எண்ணம் பலரிடம் உள்ளது. அது பிழை. அக்கலவை நீர் உறைவதைத் தடுப்பதோடு, கொதிநிலையை உயர்த்துகின்றது. உள்ளே துருவேறாமலும் காக்கின்றது. கிணற்று உப்புநீரை ஊற்றினால், சோறு வடிக்கும் பானையில் படியும் உப்புப்போல் 'ரேடியேட்டர்' எனப்படும் குளிர்விப்பியின் மெல்லிய குழாய்களிலும் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். பொறி சூடாயிருக்கும்போது குளிர்விப்பியின் மூடியை ஒருபோதும் திறத்தல் கூடாது. அழுத்தத்தில் அடைபட்டுள்ள வெந்நீர் பீறிட்டு முகத்தையும் கண்ணையும் வேகவைத்துவிடும். வெப்பமுள் ஏறக் கண்டால் ஓரமாக நிறுத்தி அணைத்து, ஆறும்வரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.

இவற்றோடு வார்ப்பட்டையையும் பார்த்தல் வேண்டும். வெடிப்பும் இழைபிரிதலும் கண்ணுக்கே தெரியும். பல பொறிகளில் மின்னாக்கியையும் நீரெக்கியையும் ஒரே பட்டை சுழற்றுகின்றது. அத்தகைய ஊர்தியில் மின்கல விளக்கு எரிந்து வெப்பமுள்ளும் ஏறினால் பட்டை அறுந்தது என்று உடனே ஐயுறலாம். மின்கல இணைப்பைக் கழற்றுங்கால் எதிர்முனையை முதலிலும், பூட்டுங்கால் அதனை இறுதியிலும் கொள்ளுதல் வேண்டும். உருளிப்பட்டையின் காற்றழுத்தத்தை ஓட்டத்திற்கு முன், அது ஆறியிருக்கும்போதே அளத்தல் வேண்டும்.

புகை பேசும் மொழி

நல்ல மருத்துவன் நோயையும் அதன் முதலையும் ஆய்ந்த பின்னரே மருந்தைத் தொடுவான். தீசல் பொறியின் நோயைப் பெரும்பாலும் அதன் புகையே சொல்லிவிடும். கரும்புகை, எரிநெய்க்கு ஏற்ற காற்று இல்லை என்கின்றது; காற்று வடிகட்டியையும், 'நாசில்' எனப்படும் பீச்சுகுழலையும் பார்க்கச் சொல்கின்றது. நீலப்புகை, உயவு நெய் எரிவதைச் சொல்கின்றது. வெண்புகை எரியாத எரிநெய்யாக இருக்கலாம். விடாது தொடர்ந்து, குளிர்நீரும் குறைந்துவருமாயின் நீர் உருளைக்குள் புகுவதாக இருக்கலாம். குளிர்காலை வேளையில் சிறிது நேரம் தோன்றி மறையும் வெண்மையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

கரும்புகையைப் பணச்செலவு என்று மட்டும் கருதுதல் தகாது. உலக நலவாழ்வு நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, தீசல் பொறிப்புகை மாந்தருக்குப் புற்றுநோய் விளைப்பது என 2012ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. பள்ளி வாயிலில் கரும்புகை கக்கி நிற்கும் மூடுந்தின் பின்னால் நடப்போர் யார்? அதிலிருந்து இறங்கிய பிள்ளைகளே. வடிகட்டியைப் பேணுதல் அவர்கள் மூச்சைப் பேணுதலும் ஆகும்.

கை நிற்கவேண்டிய எல்லை

தானே பேணுதல் என்பது எல்லாவற்றிலும் கைவைத்தல் அன்று. ஆழம் தெரியாமல் காலை விடுவோன் நீந்தக் கற்றவன் ஆகான். வண்டிக்காரன் கொல்லனிடம் சென்றதுபோலச் செல்லவேண்டிய இடங்கள் இங்கும் உண்டு.

முன்னாளில் தமிழகச் சாலைகளில் மிகுதியாக ஓடிய மேட்டடோர் மூடுந்துகளுள் ஒருவகை, செருமானிய மெர்சிடிசு-பென்சு நிறுவனத்தின் ஓ.எம். 616 என்னும் நான்குருளைப் பொறியைக் கொண்டிருந்தது. அத்தகைய பழைய பொறிகளில், பீச்சுகுழலுக்குச் செல்லும் குழாயின் மரையைச் சற்று நெகிழ்த்திக் காற்றை வெளியேற்றுவது பட்டறை வழக்கம். இக்காலப் பொறிகளில் அதனைச் செய்தல் கூடாது. 'காமன் ரயில்' எனப்படும் பொதுக்குழாய் முறையில் எரிநெய் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆயிரத்தைந்நூறு மடங்குக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும். ஊசிமுனை அளவாகக் கசியும் தாரையும் தோலைத் துளைத்து உள்ளே புகும். காயம் சிறிதாகத் தோன்றினும் கையையே இழக்க நேரும். அத்தகைய கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. துளைத்துவிட்டால் அப்பொழுதே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

'பிரேக்கு' எனப்படும் நிறுத்தியின் உள்ளுறுப்புகளும் திசைதிருப்பும் அமைப்பும் பயிற்சி பெற்றவர் கைக்கே உரியன. அங்கே நேரும் பிழைக்கு விலை உயிர். 'சாக்கி' என்னும் தூக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் அடியில் புகுதலும் அவ்வாறே. அது தூக்குவதற்கான கருவி. தாங்குவதற்கான கருவி அன்று. சமநிலத்தில் உருளிகளுக்கு முட்டுக்கொடுத்து, உறுதியான தாங்கிகளின்மேல் ஊர்தியை இருத்திய பின்னரே அடியில் செல்லுதல் வேண்டும்.

வடித்தெடுத்த பழைய உயவு நெய்யை வடிகாலிலோ மண்ணிலோ ஊற்றுதல் பெருந்தீங்கு. அது ஊர்க் கிணற்றில் நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும். மூடிய கலத்தில் சேர்த்து, மறுசுழற்சிக்குக் கொண்டுசெல்லும் இசைவு பெற்றவரிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

புதிய பூட்டுகள்

கணிப்பொறி பூட்டிய இக்கால ஊர்தியில் உரிமையாளர் செய்வதற்கு என்ன இருக்கின்றது என்று கேட்போர் உளர். 2020 ஏப்பிரல் முதல் நாளிலிருந்து இந்திய ஒன்றியம் முழுவதும் 'பாரத் நிலை ஆறு' என்னும் புகைத்தரம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த தீசல் ஊர்திகளில் கரித்துகள் வடிகட்டியும், பலவற்றில் யூரியாக் கரைசல் கொண்டு புகையைத் தூய்மை செய்யும் அமைப்பும் உள்ளன. இவை உரிமையாளரின் வேலையைக் குறைக்கவில்லை; கூட்டியுள்ளன. கரித்துகள் வடிகட்டி, போதிய வெப்பம் ஏறினால்தான் தான் பிடித்த கரியை எரித்துத் தூய்மையாகும். தெருவுக்குத் தெரு நின்று நின்று ஓடும் ஊர்தியில் அது விரைவில் அடைபடும். எச்சரிக்கை விளக்கு எரியும்போதே கையேட்டின்படி நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால் பெரும்பாலும் தீரும். விளக்கைப் பொருட்படுத்தாது விட்டால் பெருஞ்செலவில் முடியும். யூரியாக் கரைசலின் செறிவு 32.5 விழுக்காடு என வரையறுக்கப்பட்டது. வயலுக்கு இடும் உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோர் ஊர்தியைத் தம் கையாலேயே கெடுத்துக்கொள்கின்றனர்.

பொறுப்புறுதிக் காலத்தில் நிறுவனப் பணிமனையில் செய்யவேண்டியவற்றை அங்கேயே செய்விக்கலாம். ஆயினும் பார்த்தல், அளத்தல், குறித்துவைத்தல் ஆகியவற்றுக்கு எவருடைய இசைவும் வேண்டா. மாற்றிய நாளையும் ஓடிய கிலோமீட்டரையும் செலவான எரிநெய்யையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவருவோரைப் பட்டறையில் எவரும் எளிதில் ஏய்க்க முடியாது.

ஆனால் ஒன்றை வலியுறுத்திக் கேட்கும் உரிமை வாங்கியவர்க்கு உண்டு. பொறியின் பழுதுக்குறியைப் படிக்கும் வழியும், உதிரி உறுப்புகளும், கையேடும் விற்றவர் கையிலேயே பூட்டப்பட்டிருந்தால், வாங்கியவர் உரிமையாளரா, வாடகைக்காரரா? அமெரிக்காவின் மாசாசுசெட்சு மாநில மக்கள் 2012ஆம் ஆண்டில் வாக்களித்து, ஊர்தியின் பழுதறியும் செய்திகளைப் பிற பட்டறைகளுக்கும் தரவேண்டும் என்னும் சட்டத்திற்கு வழிகண்டனர். இந்திய ஒன்றிய அரசின் நுகர்வோர் துறையும் பழுதுநீக்கும் உரிமை பற்றி ஆராய 2022 சூலையில் ஒரு குழுவை அமைத்தது. அவ்வாண்டு திசம்பர் 24ஆம் நாளில் தொடங்கிய இணையத்தளத்தில் ஊர்தித் துறையும் சேர்க்கப்பட்டது. தளம் திறந்ததோடு கடமை முடிந்ததாகாது. ஓட்டுநர் படித்தறியும் மொழியில் கையேடு கிடைத்தால்தான் அவ்வுரிமை அவர் கைக்கு எட்டியதாகும். தமிழ் ஓட்டுநர்க்கு அது தமிழில் கிடைத்தல் வேண்டும். படிக்க இயலாத கையேடு, பூட்டிய பெட்டிக்குள் வைத்த திறவுகோல்.

இத்தகைய தன்முயற்சி தமிழருக்குப் புதிதன்று. கோ.து. நாயுடு எனப்படும் கோபாலசாமி துரைசாமி நாயுடு, தீசல் தம் காப்புரிமையைப் பெற்ற அதே 1893ஆம் ஆண்டில் பிறந்தவர். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் கோவையின் புகழ்மிக்க பொறியியல் மேதையாக அவரை உயர்த்தியது, கல்லூரிப் பட்டம் அன்று. பொறியைத் தொட்டறியும் வேட்கையே.

எல்லாரும் நாயுடு ஆதல் வேண்டா. கிழமைக்கு ஒருமுறை, பொறி ஆறியிருக்கும் காலைப்பொழுதில், முன்மூடியைத் திறந்து அரைமணி நேரம் பார்த்தால் போதும். வீட்டுப் பிள்ளையை அருகில் நிறுத்தி, இது காற்றின் வழி, இது எரிநெய்யின் வழி என்று காட்டினால் அறிவு அடுத்த தலைமுறைக்கும் செல்லும். கையில் படியும் எண்ணெயைச் சவர்க்காரம் போக்கிவிடும். தன் கருவியைத் தானே அறியாதிருக்கும் தாழ்வை அது போக்காது. மூடுந்து வைத்திருப்போர் இனியேனும் முன்மூடியைத் திறக்கட்டும். கையில் எண்ணெய் படியட்டும்!